பிக்கப் வண்டிக்குச் சொந்தமாகப் பிளாட்பெட் கட்டுதல்: எடையும் சேசிஸின் முறுக்கமும்

துருப்பிடித்த பின்தொட்டியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தாமே ஒரு பிளாட்பெட் (பக்கச் சுவர் இல்லாத தட்டையான சரக்குத் தளம்) கட்டிக்கொள்ள நினைப்பவர்கள் வழக்கமாக மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். எந்த அளவுக் குழாய் வாங்குவது, கட்டிய தளத்தை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுடன் எப்படிப் பிணைப்பது, மேலே மரம் போடுவதா இரும்புத் தகடு போடுவதா என்பவையே அவை. மூன்றுக்கும் விரிவாகவே பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் மனத்தில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டுப் பட்டறையில் கட்டப்பட்டு நான் பார்த்த தளங்களில், வலிமை போதாமல் கெட்டவை குறைவு. தேவைக்கு மேல் கனமாகக் கட்டப்பட்டு வண்டியின் சுமைத்திறனைத் தின்றவையும், சேசிஸ் முறுகுவதற்கு இடமே தராமல் இறுக்கப்பட்டு விரிசல் கண்டவையும்தான் அதிகம். ஆகவே குழாயின் தடிமனிலிருந்து தொடங்காமல், எடையிலிருந்தும் சேசிஸின் இயல்பிலிருந்தும் தொடங்குவதே சரியான வழி.

வண்டியின் கதவுச் சட்டத்திலோ பதிவு ஆவணத்திலோ, சுமையோடு சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்பதும், முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியே எவ்வளவு தாங்கும் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். பழைய தொட்டியைக் கழற்றியதும், எரிபொருள் நிரப்பிய நிலையில் வண்டியை எடை மேடைக்கு ஓட்டிச் சென்று, மொத்த எடையையும் ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியே எடுத்துக்கொள்ளுங்கள். விளக்குகள் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாத இடமானால், தொட்டியோடு ஒரு முறை எடையிட்டு, பின்னர் தொட்டியை மட்டும் தனியாக எடையிட்டுக் கழித்துக்கொள்ளலாம். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து இந்த வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் தளம், ஓட்டுநர், பயணிகள், கருவிகள், சரக்கு ஆகிய எல்லாவற்றுக்குமான மொத்த இடம். தளத்தில் கூடும் ஒவ்வொரு கிலோவும் சரக்கிலிருந்து கழிகிறது என்பதை மறக்கக் கூடாது. ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்தால் வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். அச்சு, பேரிங், பிரேக், டயர் ஆகியவற்றின் வரம்பு அதனால் உயர்ந்துவிடாது.

எடையை முன்கூட்டியே கணக்கிடுவது எளிது, ஏனெனில் இரும்பின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ என்பது மாறாதது. அதன்படி 3 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 23.5 கிலோ இருக்கும். எடுத்துக்காட்டாக 2400 மி.மீ. நீளமும் 1800 மி.மீ. அகலமும் கொண்ட ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். இதன் பரப்பு 4.32 சதுர மீட்டர். 80×40×3 குழாயில் (உயரம், அகலம், சுவர்த் தடிமன், மி.மீ.யில்) 7 குறுக்குச்சட்டங்கள் வைத்தால் 65 கிலோ, 100×50×3 குழாயில் இரண்டு நீளச்சட்டங்கள் 32 கிலோ, இரு பக்க ஓரச்சட்டங்கள் 25 கிலோ, கேபினுக்குப் பின்னால் நிற்கும் முன்தடுப்புக்கு 30 கிலோ, மட்கார்டு, விளக்கு, போல்ட் முதலியவற்றுக்கு 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 18 மி.மீ. பிர்ச் பிளைவுட் போட்டால் 53 கிலோ சேர்ந்து மொத்தம் 225 கிலோவாகிறது. அதற்குப் பதில் 3 மி.மீ. தகடு என்றால் அது மட்டுமே 100 கிலோவைத் தாண்டும், 4 மி.மீ. என்றால் 135 கிலோ. பிளாட்பெட் போட்டால் வண்டி இலேசாகிவிடும் என்ற நம்பிக்கையோடு தொடங்குபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆலையில் அழுத்தி உருவாக்கப்பட்ட தொட்டி மெல்லிய தகட்டால் ஆனது. அதை விட இலேசாகக் கட்டுவதற்கு உண்மையிலேயே கவனம் தேவை.

எடை எவ்வளவு என்பதைப் போலவே, அது எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். சீராகப் பரப்பிய சரக்கின் எடை தளத்தின் நடுவில் விழுவதாகக் கொள்ளலாம். அந்த நடுப்புள்ளி பின் அச்சுக்கு முன்னால் இருந்தாக வேண்டும். இரு அச்சுகளுக்கும் இடையே 3000 மி.மீ. உள்ள ஒரு வண்டியில் 800 கிலோ சரக்கின் நடுப்புள்ளி அச்சுக்கு 300 மி.மீ. முன்னால் விழுந்தால், முன் அச்சுக்கு 80 கிலோ கூடுகிறது, பின் அச்சு 720 கிலோ சுமக்கிறது. அதே சரக்கு 300 மி.மீ. பின்னால் விழுந்தால் முன் அச்சிலிருந்து 80 கிலோ குறைந்துபோக, பின் அச்சோ 880 கிலோ சுமக்கிறது. முன் சக்கரங்கள் இலேசாகும்போது ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் பிடிப்பை இழக்கின்றன. ஒற்றைக் கேபின் வண்டிகளில் இது பெரிய சிக்கலாக வருவதில்லை. இரட்டைக் கேபின் வண்டியில், ஆலைத் தொட்டி 1500 மி.மீ. மட்டுமே இருந்த இடத்தில் 2400 மி.மீ. தளத்தை நீட்டிக் கட்டும் ஆசைதான் ஆபத்தானது. அதில் கூடும் நீளம் முழுவதும் அச்சுக்குப் பின்னால்தான் போகிறது. நீளம் தேவைப்பட்டால் நீளமான சேசிஸ் உள்ள வண்டியைத் தேடுவதே நல்லது.

அடுத்து உயரம். தாழ்வான தளம் ஏற்றி இறக்க வசதியானது, வண்டியின் நிலைப்பாட்டுக்கும் நல்லது. ஆனால் எவ்வளவு தாழ்த்தலாம் என்பதை டயர்தான் தீர்மானிக்கிறது. நின்ற நிலையில் டயருக்கு மேல் தெரியும் இடைவெளியை நம்பி அளவெடுக்கக் கூடாது. அச்சு மேலே ஏறி ரப்பர்த் தடுப்பைத் தொடும்போது டயர் எங்கே நிற்கும் என்பதே அளவு. அச்சுக்கும் ரப்பர்த் தடுப்புக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து டயரின் இப்போதைய உச்சியோடு கூட்டினால் அது கிடைக்கும். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது அச்சு சாய்வதால், வெளிப்பக்கமுள்ள டயர் இந்தக் கணக்கைத் தாண்டியும் மேலே வரும், ரப்பரும் நசுங்கும். அதனால் இன்னும் 50 மி.மீ. விட்டுவைப்பது என் வழக்கம். பனிச் சங்கிலி மாட்டும் இடங்களில் அதற்கு மேலும் வேண்டும். இங்கே ஒரு பயனுள்ள வழி உண்டு. குறுக்குச்சட்டங்களைப் பங்கிடும்போது, அச்சின் மையம் இரண்டு சட்டங்களுக்குச் சரிநடுவில் வருமாறு வைத்தால், 400 மி.மீ. இடைவெளியில், 740 மி.மீ. விட்டமுள்ள டயரின் வளைவு அந்தச் சட்டங்களின் அருகில் உச்சியை விட ஏறத்தாழ 45 மி.மீ. தாழ்ந்திருக்கும். அச்சுக்கு நேர் மேலே ஒரு சட்டத்தை வைத்துவிட்டு, அதற்காகத் தளம் முழுவதையும் உயர்த்துவதை விட இது மேலானது.

இப்போது குழாய்க்கு வருவோம். தளத்தில் அதிகம் வளைவது நீளச்சட்டம் அன்று. அதற்குக் கீழே சேசிஸ் முழு நீளத்துக்கும் நின்று தாங்குகிறது. வளைவது, சேசிஸுக்கு வெளியே இருபுறமும் நீட்டிக்கொண்டு நிற்கும் குறுக்குச்சட்டத்தின் கைதான். சேசிஸின் வெளி அகலம் 900 மி.மீ. என்றால் 1800 மி.மீ. தளத்தில் ஒவ்வொரு பக்கமும் 450 மி.மீ. நீட்டம் வரும். அதன் நுனியில் 250 கிலோ இறங்குவதாகக் கொள்ளுங்கள். ஒரு சிறு டிராக்டரின் சக்கரமோ, பாரமான இயந்திரத்தின் ஒரு காலோ அப்படி இறங்கும். அப்போது சட்டத்தின் வேரில் ஏற்படும் வளைவுத் திருப்புத்திறன் (விசையை நீட்டத்தால் பெருக்கியது) ஏறத்தாழ 1100 நியூட்டன்-மீட்டர். குழாய் விற்பனை அட்டவணைகளில் செக்‌ஷன் மாடுலஸ் என்ற எண் ஒவ்வொரு குழாய்க்கும் கொடுக்கப்பட்டிருக்கும். வளைவைத் தாங்கும் திறனைச் சொல்வது அதுதான். 50×50×3 சதுரக் குழாய்க்கு அது 7.8 கன செ.மீ.; எனவே வேரில் தகைவு, அதாவது ஒரு சதுர மி.மீ. இரும்பின் மேல் விழும் விசை, 141 மெகாபாஸ்கல். சாதாரண மென் இரும்பு 250 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்பதால் இது பாதுகாப்பாகவே தோன்றும். ஆனால் பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது அதே சுமை இரண்டு மடங்காக அடிக்கிறது. 282 என்பது வரம்பைத் தாண்டிவிட்டது. இதே இடத்தில் 80×40×3 குழாயை உயரவாட்டில் நிறுத்தினால் மாடுலஸ் 13.1, தகைவு 84, இரட்டித்தாலும் 168. எடையோ மீட்டருக்கு 4.25 கிலோவிலிருந்து 5.2 கிலோவாகத்தான் கூடுகிறது.

அதாவது எடையில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, வலிமையில் மூன்றில் இரண்டு பங்கைக் கூடுதலாகப் பெறுகிறோம். தடிமனைக் கூட்டாமல் உயரத்தைக் கூட்டுவதே இரும்பைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் முறை. சதுரக் குழாயையே 5 மி.மீ. தடிமனில் வாங்குபவர்கள் எடையைத்தான் அதிகம் வாங்குகிறார்கள். 3 மி.மீ.க்கும் மெல்லிய குழாயை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் காரணம் வலிமை அன்று, துருவும் வெல்டிங்கும்தான். மெல்லிய சுவரில் சிறிது துரு தின்றாலே பாதிப் பலம் போய்விடும், பழகாத கையில் எளிதில் ஓட்டையும் விழும்.

அலுமினியத்தைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. அதன் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் அதே மூன்றில் ஒரு பங்குதான். எனவே இரும்பின் அளவையே அலுமினியத்தில் எடுத்தால் மூன்று மடங்கு வளையும். அதை ஈடுகட்டச் சட்டங்களின் உயரத்தைக் கூட்ட வேண்டும். மேலும், வண்டிகளுக்குப் பயன்படும் வெப்பப்பதம் செய்த அலுமினியக் கலவைகள் வெல்டிங் வெப்பம் பட்ட இடத்தில் பலத்தின் கணிசமான பகுதியை இழந்துவிடுகின்றன. சட்டகத்தை இரும்பிலும் மேல்தளத்தை அலுமினியத்திலும் செய்வது நடைமுறைக்கு உகந்தது. இரண்டும் நேரடியாகத் தொடும் இடங்களில் மட்டும் ரப்பரோ பிளாஸ்டிக் நாடாவோ வைத்துப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்படும்.

சேசிஸுடன் பிணைப்பதுதான் இந்த வேலையின் இதயம். இதற்குப் பொறுமையாக நேரம் கொடுங்கள். பிக்கப்பின் சேசிஸ் இரண்டு நீள இரும்புகளையும் அவற்றை இணைக்கும் குறுக்கு இரும்புகளையும் கொண்ட ஓர் ஏணி. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் உயரும்போது அந்த ஏணி முறுகுகிறது; அது குறையன்று, அப்படி முறுகும்படிதான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கேபினையும் தொட்டியையும் ஆலையில் தனித்தனியாக வைத்து நடுவே இடைவெளி விடுவதற்கும் இதுவே காரணம். இதன் மேல் முறுகவே முடியாத ஒரு தளத்தைப் பல இடங்களில் இறுக்கிப் பூட்டினால், முறுக்கம் முழுவதும் தளம் முடியும் இடத்துக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள சிறு பகுதியில் குவிகிறது. காலப்போக்கில் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

ஆகவே முதல் விதி, தளத்தைச் சேசிஸோடு வெல்டிங் செய்யக் கூடாது. இன்றைய சேசிஸ்கள் பல உயர்வலிமை இரும்பால் ஆனவை. வெல்டிங் வெப்பம் அந்த இரும்பின் தன்மையையே மாற்றிவிடும். இரண்டாவது, சேசிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் புதிதாகத் துளை போடக் கூடாது. வளையும் இரும்பில் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் அதிகத் தகைவைச் சுமக்கின்றன. செங்குத்துச் சுவரின் நடுப்பகுதி மிகக் குறைவாகவே சுமக்கிறது. பழைய தொட்டி 6 அல்லது 8 போல்ட்டுகளில் உட்கார்ந்திருந்திருக்கும். அந்த இடங்களை ஆலையே சோதித்து வைத்திருப்பதால் அவற்றையே பயன்படுத்துங்கள். கூடுதல் பிடிப்பு தேவைப்பட்டால் செங்குத்துச் சுவரில் ஏற்கெனவே உள்ள துளைகளில் தகட்டைப் போல்ட் செய்து, அதைத் தளத்தின் நீளச்சட்டத்தோடு இணையுங்கள். யு-போல்ட் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சேசிஸ் திறந்த சேனலாக (ஒரு பக்கம் மூடாத ‘ப’ வடிவ இரும்பாக) இருந்தால் அது விளிம்புகளை உள்நோக்கி நசுக்கும் என்பதால், உள்ளே அளவான அடைகட்டை வைக்காமல் யு-போல்ட்டை இறுக்கக் கூடாது. பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் சேசிஸின் உட்புறமாகவே ஓடுவதால், அவை இந்தப் பிடியில் சிக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

மூன்றாவது, முறுக்கத்துக்கு வழி விடுவது. நீளச்சட்டம் சேசிஸின் மேல் முழு நீளத்துக்கும் உட்கார வேண்டும். நடுவே 8 முதல் 10 மி.மீ. கெட்டியான ரப்பர்ப் பட்டை வைக்க வேண்டும். கன்வேயர் பெல்ட்டில் வெட்டிய துண்டு இதற்கு மிகப் பொருத்தம். கடின மரப்பட்டையும் போடுவார்கள், ஆனால் அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பின்புறமுள்ள பிணைப்புகளைத் தகடு போட்டு இறுக்கமாகச் செய்யுங்கள்; தளம் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பவை அவைதான். கேபினை ஒட்டிய முன் பிணைப்பில் நீளமான போல்ட்டைப் போட்டு, அதன் கீழே வலுவான சுருள் ஸ்பிரிங்கையோ தடித்த ரப்பரையோ வைத்து இறுக்குங்கள். சேசிஸ் முறுகும்போது தளத்தின் முன்முனை சில மில்லிமீட்டர் எழும்பித் திரும்ப அமர அது வழிசெய்யும். நீளச்சட்டத்தின் முன்முனையைச் சதுரமாக வெட்டி நிறுத்தாமல், கடைசி 150 முதல் 200 மி.மீ. நீளத்துக்கு அடிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவி மூடுங்கள். விறைப்பு சட்டென்று முடிந்தால் அந்த முனையில் சேசிஸ் வெட்டுப்படுவது போன்ற அழுத்தத்தைப் பெறும். சாய்வு அதைப் படிப்படியாகக் குறைக்கிறது. கேபினுக்கும் முன்தடுப்புக்கும் இடையே குறைந்தது 50 மி.மீ. இடைவெளி இருக்கட்டும்.

பல வண்டிகளில் சேசிஸின் மேற்பரப்பு ஒரே மட்டமாக இருக்காது; பின் அச்சுக்கு மேலே அது வளைந்து எழும்பும், ஆங்காங்கே ரிவெட் தலைகளும் துருத்தி நிற்கும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கேபினின் பின்னாலிருந்து சேசிஸின் கடைசி வரை நூல் பிடித்து, ஒவ்வொரு 200 மி.மீ.க்கும் நூலுக்கும் இரும்புக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பின்படி அடைகட்டைகளைச் செய்ய வேண்டுமே தவிர, போல்ட்டை இறுக்கி இடைவெளியை மறைக்கக் கூடாது. அப்படி மறைத்தால் தளம் முதல் நாளிலிருந்தே முறுகிய நிலையில் உட்கார்ந்திருக்கும்.

குழாயின் ஊடாகப் போல்ட் செல்லும் இடத்தில், உள்ளே ஒரு தடித்த சுவர்க் குழாய்த்துண்டை நுழைத்து இருமுனையிலும் வெல்டிங் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் போல்ட்டை இறுக்க இறுக்கக் குழாய்தான் நசுங்கும், பிடிப்பு ஒருநாளும் நிலைக்காது. 8.8 தரக் குறியீடுள்ள எம்12 போல்ட்டுகளும், உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுகளும், அகலமான வாஷர்களும் இந்த அளவுத் தளத்துக்குப் பொருந்தும்.

சட்டகத்தைக் கட்டும் வேலையை வண்டிக்கு வெளியே, தலைகீழாகச் செய்வதே நல்லது. மட்டம் பார்த்த தாங்கிகளின் மேல் குறுக்குச்சட்டங்களை மேற்புறம் கீழே இருக்குமாறு அடுக்கி, ஓரச்சட்டங்களைச் சேர்த்து, அதன்மேல் நீளச்சட்டங்களை வைத்தால், பிறகு திருப்பும்போது தளத்தின் மேற்பரப்பு ஒரே மட்டமாக வரும். முதலில் எல்லா மூட்டுகளுக்கும் பொட்டு வெல்டிங் மட்டும் வைத்துவிட்டு, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். நான் எடுத்துக்கொண்ட 1800, 2400 என்ற அளவுகளுக்கு மூலைவிட்டம் மிகச் சரியாக 3000 மி.மீ. வரும் என்பதால் சரிபார்ப்பது மிக எளிது; 2 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் பொட்டுகளை உடைத்துத் திருத்துவதற்கு அதுதான் தருணம். முழு வெல்டிங்கை ஒரு மூலையிலிருந்து வரிசையாக இழுத்துக்கொண்டு போகாமல், எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறிச் செய்யுங்கள். ஒரே பக்கம் வெப்பம் சேர்ந்தால் சட்டம் அந்தப் பக்கமாக இழுக்கும். முலாம் பூசிய குழாயானால் மூட்டைச் சுற்றித் துத்தநாகத்தை அரைத்து நீக்கிய பிறகே பற்றவைக்க வேண்டும். அதன் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். வண்டியின் மேல் வைத்து ஏதேனும் பற்றவைக்க நேர்ந்தால் பாட்டரியின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் நடக்கும் துண்டிலேயே, மூட்டுக்கு அருகில் மாட்டுங்கள். எரிபொருள் தொட்டிக்கு அருகில் வைத்துப் பற்றவைக்கவே கூடாது.

மரமா, இரும்பா என்ற கேள்விக்கு என் விருப்பம் தெளிவானது: பெரும்பாலான பயன்பாட்டுக்குப் பீனாலிக் பூச்சுள்ள 18 மி.மீ. பிளைவுட். அது இலேசானது, சொரசொரப்பான முகத்தோடு கிடைக்கிறது, கெட்டால் ஒரு பகலில் மாற்றிவிடலாம். அதன் பலவீனம் ஓரங்கள்தான். வெட்டிய ஒவ்வொரு விளிம்புக்கும், போட்ட ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பூச்சு கொடுத்து அடைக்காவிட்டால் நீர் புகுந்து அடுக்குகள் பிரியும். கடின மரப்பலகை பார்க்க அழகானது, அடியைத் தாங்கும், ஆனால் 25 மி.மீ. கனத்தில் சதுர மீட்டருக்கு 20 கிலோவை எட்டும். பலகைகளுக்கு இடையே 3 முதல் 5 மி.மீ. விட வேண்டும். செம்புச் சேர்ம மருந்து ஏற்றிய மரத்தைப் பயன்படுத்தினால் அது வெற்று இரும்பு ஆணிகளையும் அலுமினியத்தையும் அரிக்கும் என்பதால், வெப்ப முலாம் பூசிய அல்லது துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டுகளையே போட வேண்டும். கல், மண், பழைய இரும்பு போன்றவற்றை அள்ளிக் கொட்டும் வண்டிக்கு மட்டும் செக்கர்டு பிளேட் (புடைப்புக் கோலம் பதித்த இரும்புத் தகடு) தகுந்தது. அது ஈரத்தில் வழுக்கும். தொடர்ச்சியாக வெல்டிங் செய்தால் அலையலையாக நெளியும். 150 மி.மீ.க்கு ஒருமுறை 30 மி.மீ. தையல் வெல்டிங் வைத்து, இடையிலுள்ள விளிம்பைப் பாலியூரித்தேன் சீலன்டால் அடைப்பது நெளிவையும் துருவையும் ஒருங்கே தடுக்கும். புகைபோக்கிக்கு மேலே மரம் வரும் இடத்தில் வெப்பத்தடுப்புத் தகடு வைத்தே ஆக வேண்டும். புகைபோக்கியின் வாய் தளத்தின் விளிம்புக்கு வெளியே முடியட்டும்.

முன்தடுப்பு கேபினின் கண்ணாடியை மட்டும் காப்பதன்று, உள்ளே இருப்பவர்களைக் காப்பது. சரக்கைக் கட்டும் விதிகளில் முன்நோக்கிய விசையாகச் சரக்கின் எடையில் 0.8 பங்கும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. 1000 கிலோ சரக்கு திடீர்ப் பிரேக்கில் 800 கிலோ விசையோடு முன்னால் பாயும் என்பதே இதன் பொருள். எனவே முன்தடுப்பின் கால்கள் மேல்தளப் பலகையில் நிற்காமல், நேராக நீளச்சட்டத்தோடும் முதல் குறுக்குச்சட்டத்தோடும் சேர்ந்து, சாய்வுத் தாங்கியோடு நிற்க வேண்டும். தடுப்பை நம்பிக் கட்டாமல் விடுவதும் சரியன்று; தடுப்பு கடைசிக் காவல்தான். கட்டும் வளையங்களைக் குறுக்குச்சட்டம் ஓரச்சட்டத்தைச் சந்திக்கும் இடங்களில் வையுங்கள். வெறும் பிளைவுட்டில் திருகிய வளையம் இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வரும். ஓரச்சட்டத்துக்கு வெளியே 40 மி.மீ. தள்ளி ஒரு பட்டை இரும்பை ஓடவிட்டால், நாடாக்கள் அதன் உட்புறமாகச் சென்று உராய்விலிருந்து தப்பும். வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் இழுப்பவர்கள் அதன் கொக்கியைச் சேசிஸில் மட்டுமே பொருத்த வேண்டும், தளத்தில் ஒருபோதும் கூடாது.

எரிபொருள் நிரப்பும் வாய் பழைய தொட்டியின் பக்கச் சுவரில் இருந்ததால், அதற்குப் புதிய இடம் செய்ய வேண்டும். வாயிலிருந்து எரிபொருள் தொட்டி வரை குழாய் ஓரிடத்திலும் தொய்யாமல் சரிவாகவே இறங்க வேண்டும். தொய்வில் எரிபொருள் தேங்கினால் நிரப்பும்போது பம்ப் அடிக்கடி நின்றுபோகும். காற்று வெளியேறும் சிறு குழாயையும் அதே போல் கொண்டுசெல்லுங்கள். உலோக வாயைச் சேசிஸோடு ஒரு கம்பியால் இணைப்பது நிலைமின் பொறியைத் தடுக்கும்.

விளக்குகளைப் பொறுத்தவரை ஆலை வயரை வெட்டாதீர்கள். அதன் கனெக்டருக்குப் பொருந்தும் இணைப்பை வாங்கி, அங்கிருந்து புதிய வயரை உறைக்குள் ஓட்டி, குழாய்த் துளைகளில் ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுபோங்கள். எல்இடி விளக்கு குறைந்த மின்சாரம் எடுப்பதால் இண்டிகேட்டர் வேகமாக அடிக்கும். அதற்கேற்ற ஃபிளாஷர் ரிலே மாற்றினால் சரியாகும். எண் பலகை விளக்கு, ரிவர்ஸ் விளக்கு, பிரதிபலிப்பான்கள், மட்கார்டு, பின்புறக் கேமரா ஆகியவை பழைய தொட்டியோடு போய்விடுவன. பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் இடம் வையுங்கள். உடலமைப்பை மாற்றினால் பதிவிலும் காப்பீட்டிலும் தெரிவிக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு. அகலம், பின்நீட்டம், விளக்கின் உயரம் ஆகியவற்றுக்கும் வரம்பு உண்டு. இவற்றை இரும்பு வாங்குவதற்கு முன்பே உங்கள் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வது, முடித்த தளத்தை வெட்டிக் குறைப்பதை விட மலிவானது.

பெயிண்ட் அடிப்பதில் அவசரம் காட்டினால் மற்ற உழைப்பெல்லாம் சில மழைக்காலத்தில் வீணாகும். குழாயின் மேலுள்ள கருஞ்செதிலை அரைத்து நீக்கி, எண்ணெயைத் துடைத்து, துத்தநாகம் மிகுந்த பிரைமரும் அதன்மேல் இரு பூச்சும் கொடுங்கள். குழாய் முனைகளை மூடுங்கள். ஆயினும் அடிப்பக்கத்தில் தாழ்வான இடத்தில் 8 மி.மீ. வடிகால் துளை விட்டு, உள்ளே மெழுகு தெளியுங்கள், ஏனெனில் இரவு பகல் வெப்ப மாற்றத்தில் உள்ளே ஈரம் கோக்கும். முழுச் சட்டகத்தையும் வெப்ப முலாமுக்கு அனுப்புவதாக இருந்தால் எல்லாக் குழாய்களுக்கும் காற்றுத்துளை கட்டாயம். மூடிய குழாய் உருகிய துத்தநாகத்தில் வெடிக்கும்.

பொருத்தி முடித்தபின் வண்டியை மீண்டும் எடை மேடையில் ஏற்றி, இரு அச்சுகளின் எடையையும் எழுதிவையுங்கள். சுமை எவ்வளவு ஏற்றலாம் என்பதைச் சொல்லும் எண் அதுதான். பிறகு பாதிச் சுமையோடு ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, டயர் எங்கும் உரசுகிறதா, முன் பிணைப்பின் ஸ்பிரிங் தாராளமாக வேலை செய்கிறதா, முன்தடுப்பு கேபினை நெருங்குகிறதா என்று பாருங்கள். முதல் 100 கி.மீ. ஓட்டத்துக்குப் பிறகும், மீண்டும் 500 கி.மீ.யிலும் எல்லாப் போல்ட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள்; ரப்பர்ப் பட்டை அமர அமர இறுக்கம் குறைவது இயல்பு. குறுக்குச்சட்டம் நீளச்சட்டத்தில் ஏறும் மூட்டுகளிலும், கேபினுக்குப் பின்னால் சேசிஸின் மேல் விளிம்பிலும் பெயிண்ட் முடியளவு பிளந்து, அதில் துருக்கோடு தெரிகிறதா என்பதை ஆண்டுக்கு இருமுறை கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அப்படி ஒரு கோடு தெரிந்தால் அதன்மேல் வெல்டிங் போட்டு மூடிவிடாமல், எந்தப் பிணைப்பு முறுக்கத்தைத் தடுக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்துத் தளர்த்துங்கள்.